கார்டெல்: கூட்டமைப்பும் இல்லை, கும்பலும் இல்லை

‘மெக்சிகோ போதைப்பொருள் கூட்டமைப்பின் தலைவர் கைது.’ இந்த வரியை இன்னும் எத்தனை தடவைதான் படிப்பது? ‘கார்டெல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பேப்பர்கள் போடுவது ‘கூட்டமைப்பு’. எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூட்டமைப்பு என்றால் வியாபாரிகள் சங்கங்களின் கூட்டமைப்பு. அதற்குப் பதிவு எண் இருக்கும், ரசீது புத்தகம் இருக்கும், கடையடைப்பு அன்றைக்கு வாசலில் வந்து நிற்கும் நாலு பேர் இருப்பார்கள். போதை கடத்துகிறவனுக்கும் அதே பெயரா?

கார்டெல் வந்த வழி நீளமில்லை. தாளைக் குறித்த கிரேக்க, லத்தீன் சொல் இத்தாலியில் ‘கார்ட்டெல்லோ’ ஆகி அறிவிப்புச் சீட்டைக் குறித்தது. பிறகு, போரிடும் இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ள எழுதும் ஒப்பந்தத்துக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் விலை இறங்காமல் பார்த்துக்கொள்ள முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1980களில் கொலம்பியாவின் மெடலின், காலி நகரங்களின் போதைக் கடத்தல்காரர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் உள்ளே இருப்பது உடன்பாடு.

அந்த உடன்பாடு கூட்டமைப்பில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பகிரங்கமான உடன்பாடு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு என்று ஈழத்துக் கட்சிகள் வைத்துக்கொண்ட சொல் அது. அதில் திருட்டு வாடையே கிடையாது. சிலர் ‘போதைக் குழுமம்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். ஜவுளிக்கடையும் இன்ஜினியரிங் காலேஜும் நடத்துகிறவர் போர்டில் போட்டுக்கொள்கிற சொல்.

அடுத்தது ‘கும்பல்’. எளாவூர் சோதனைச் சாவடியில் ஆந்திரா பஸ்ஸை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் பிரவுன் டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலத்தை எடுக்கிறார்களே, அதோடு மாட்டுகிற பையன்களுக்கு இந்தச் சொல் சரி. எல்லை ஊரான தடாவைத் தாண்டினால் தெலுங்குப் பேப்பரில் அதுவே ‘முட்டா’. ஆந்திராவின் பாடேரு மலையில் அந்தக் கஞ்சாவைப் பயிர் வைத்தவன் யார் என்றுகூட அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

மெக்சிகோவின் சினலோவா கார்டெல் அப்படியா? 2006 டிசம்பரில் அதிபர் கால்டெரோன் மிச்சோவகான் மாநிலத்துக்கு ராணுவத்தை அனுப்பிப் போதைக்கு எதிரான போரைத் தொடங்கினார். அவருடைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹெனாரோ கார்சியா லூனா. சினலோவாவிடம் லஞ்சம் வாங்கியவர் என்று 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகி, அடுத்த ஆண்டு 38 வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவரும் அவரே. 2014இல் இகுவாலாவில் 43 மாணவர்கள் காணாமல் போனபோது அவர்களை மடக்கியதில் உள்ளூர் போலீசும் உண்டு. 2019 அக்டோபரில் குலியாகான் நகரில் சினலோவாவை நடத்திய எல் சாப்போவின் மகனைப் பிடித்த ராணுவம், ஊரையே துப்பாக்கிக்காரர்கள் வளைத்ததும் அவரை விட்டுவிட்டது. ஆட்சிக்குள்ளேயே ஆள் வைத்திருப்பதைக் கும்பல் என்றால், அந்த அமைச்சர் யார்? வாசகருக்கு அவர் எங்கிருந்தோ வந்து சிக்கியவராகத் தெரிவார்.

என் ஓட்டு ‘கள்ளக்கூட்டு’க்கு. கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் வரிசையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். கூட்டு என்பதில் உடன்பாடு இருக்கிறது. கூட்டாளி என்றால் அமைச்சரும் வருவார், போலீசும் வருவார். வணிகத்துக்கும் ஆகும்: 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது, விலையில் கள்ளக்கூட்டு வைத்ததற்குத்தான். (டெண்டர் எடுக்கிறவர்கள் ‘சிண்டிகேட் போட்டுட்டாங்க’ என்பார்கள். அதையும் நான் வெறுக்கவில்லை.) கார்டெல் என்றே எழுதலாமே என்பவர்கள், கார்டெல், கார்ட்டல், கார்ட்டெல் மூன்றில் ஒன்றை முதலில் முடிவு செய்யட்டும்.

மற்ற சொற்களின் கதியும் இதுதான். கடத்தல் தலைவன் ‘போதை மன்னன்’ ஆகிறான். கொலைகாரனுக்குக் கிரீடம் சூட்டுவதில் நம் ஆட்களுக்கு அப்படி என்ன ஆசையோ. இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் ஆங்கிலத்து ‘டிரக் லார்ட்’டை ‘மருந்துப் பிரபு’ ஆக்குகிறார்கள். ஸ்பானியச் செய்தியில் ‘பிளாசா’ வந்தால் ‘வணிக வளாகம்’. ஒரு வணிக வளாகத்துக்காகவா மெக்சிகோவின் டமௌலிபாஸ் மாநிலத்தில் இத்தனை பேர் சாகிறார்கள்? கடத்தல்காரர்கள் பேச்சில் பிளாசா என்றால் ஒருவன் பிடியில் இருக்கும் கடத்தல் பாதை, அந்த ஊர். அங்கே கடை வைத்திருப்பவரும் சரக்கு கொண்டுபோகிறவரும் அவனுக்குக் கட்டுவது ‘பிசோ’. அகராதியைப் புரட்டி அதைத் ‘தரை வரி’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். முதலாவதை ஏரியா என்றும் இரண்டாவதை மாமூல் என்றும் எழுதினால் ஆரம்பாக்கத்தில் தள்ளுவண்டி போட்டிருப்பவருக்குக்கூடப் புரியும்.