விரல் மரத்துவிட்டால் பிரேக் பிடிக்க முடியாது

கேமரன் மலை ரிங்லெட்டில் காலை எட்டு மணிக்குக் கிளினிக் கதவைத் திறந்தால் முதலில் வருவது பெரும்பாலும் இருமலும் சளியும்தான். அந்தத் திங்கட்கிழமை முதலில் வந்தவருக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது. காய்கறித் தோட்டத்து ஆள், நாற்பதைத் தாண்டியவர். மோட்டார் சைக்கிளில் வந்தபோது வளைவில் லாரி நின்றிருக்கிறது. தூரத்திலேயே பார்த்துவிட்டார், வேகமும் அதிகமில்லை.

"பிரேக் பிடிக்கணும்னு தெரியுது டிரசர், விரல் மடங்க மாட்டேங்குது" என்றார். (நான் மெடிக்கல் அசிஸ்டெண்ட். பழைய தோட்டத்து ஆள்களுக்கு இன்னும் டிரசர்தான்.)

காயத்தைக் கழுவும்போது அவருடைய வலது கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. இடது கையில் சூடு இருந்தது.

இது ஏன் என்று காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்குப் புரிந்திருக்கும். அதில் கிளட்ச் பிடி கிடையாது, கியர் காலில். இடது கைக்கு வேலையே இல்லை. குளிர் எடுத்ததும் அதை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். முறுக்குகிற கையும் முன் பிரேக் பிடிக்கிற கையும் ஒன்றே. அந்த வலது கை மட்டும் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர், எதிர்காற்றில் கிடக்கும்.

கேமரன் மலையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அது 1978 பிப்ரவரியில். மற்றபடி விடியற்காலையில் 15, 16 டிகிரி இருக்கும். வீட்டுக்குள் கதவைச் சாத்திப் படுத்தால் ஒரு கம்பளியோடு சரி. வண்டியில் ஏறினால் கதை வேறு. நம் தோலை ஒட்டி மெல்லிய சூட்டுக் காற்று ஒரு படலம் போல நிற்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது நிற்கவே வழியில்லை. உடம்பு, உள்ளே 37 டிகிரியைக் காப்பாற்றுவதற்காகக் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் மரத்துப் போவது அதனால்தான். அதே வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. விரல் ஒரு நொடி தாமதித்தாலும் லாரிக்கு அவ்வளவு கிட்டே போய்விடுவோம்.

நனைந்த துணி இன்னும் மோசம். சட்டையிலும் சிலுவாரிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊறியிருந்தால், அது ஆவியாகிக் காய ஏறக்குறைய 290 கிலோ கலோரி வேண்டும். ஒரு ரொட்டி சானாயைச் சாப்பிட்டால் கிடைக்கும் சக்தி. அதில் ஒரு பங்கு உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். அன்று வந்தவர் போட்டிருந்ததும் பசார் மாலாமில் வாங்கிய பருத்தி சுவெட்டர். தடிமனானது, ஆனால் முந்தின நாள் மழையில் நனைந்து சரியாகக் காயாதது. தடிமனாக இருந்து என்ன செய்ய? காற்று உள்ளே புகுந்துவிடும், ஈரம் வெளியே போகாது.

அதனால் தடித்த ஜாக்கெட்டுக்குக் காசு சேர்க்க வேண்டாம். காற்று புகாத மெல்லிய நைலான் ஜாக்கெட் ஒன்று மேலே, காய்ந்த உடுப்பு உள்ளே. பழைய துணி விற்கும் பண்டல் கடையில் துழாவினால் நைலான் ஜாக்கெட் மலிவாகவே கிடைக்கும். அதுவும் இல்லையா, ரெயின்கோட்டின் மேல்சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டைப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காற்று புகுகிற ஜிப் முதுகுக்குப் போய்விடுகிறது, நெஞ்சில் இடைவெளியே இல்லை. தளர்ந்து படபடக்காமல் இருந்தால் போதும். பொஞ்சோ மட்டும் வேண்டாம், சக்கரத்தில் சிக்கும்.

பழைய பேப்பர் இருந்தால் நாலைந்து தாளை மடித்துச் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நெஞ்சில் வையுங்கள். ஐரோப்பாவில் மலையேறி முடித்த சைக்கிள் பந்தயக்காரர்கள் இறக்கத்துக்கு முன் இதைத்தான் செய்வார்கள். கழுத்துக்கு ஒரு குட் மார்னிங் துண்டு.

கைக்கு வருவோம். மெல்லிய ரப்பர் கையுறை உள்ளே, தோட்ட வேலைக்குப் போடும் பருத்திக் கையுறை மேலே. ரப்பர் காற்றைத் தடுக்கும், பருத்தி சூட்டைப் பிடித்து வைக்கும். இறுக்கமாக மட்டும் இருக்கக் கூடாது, இறுக்கினால் இருக்கிற ரத்த ஓட்டமும் போச்சு. காலுக்கும் இதே கணக்கு: காய்ந்த காலுறை, அதன் மேல் பிளாஸ்டிக் பை, அப்புறம் சப்பாத்து. அழகுக்காக வண்டியின் சாயாப்பை (காலுக்கு முன்னால் இருக்கும் மறைப்பை) கழற்றி வைத்திருக்கும் தம்பிகளே, அதைத் திரும்ப மாட்டுங்கள். முட்டிக்குக் கீழே காற்றையும் சேற்றுத் தண்ணீரையும் இலவசமாகத் தடுக்கும் பொருள் அது ஒன்றுதான்.

மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறி வருகிறவர்கள் கீழே வெயிலில் டீ-சட்டையோடு கிளம்புவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். உதறல் எடுத்த பிறகு ஜாக்கெட்டைத் தேடாமல், லாத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்தும்போதே வியர்வையைத் துடைத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

சம்சு, அதாவது மலிவுச் சாராயம், அந்த விஷயம். "ரெண்டு மூடி உள்ளே போனா கதகதன்னு இருக்கும் டிரசர்" என்று என்னிடமே சொல்கிறார்கள். கதகதப்பு நிஜம். உள்ளே இருக்க வேண்டிய சூட்டு ரத்தம் தோலுக்கு வந்துவிடுகிறது, அதனால் வரும் கதகதப்பு. அந்தச் சூட்டைத்தான் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. போதையில் வளைவு தெரியாமல் போவது தனி. தைலம் தடவினாலும் தோலுக்குத்தான் எரிச்சல், உடம்பு சூடாவதில்லை. சிகரெட் விரல்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. கால் உணர்ச்சி குறைந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு எக்ஸாஸ்ட் பக்கத்தில் காலைக் காட்டிக் குளிர் காயாதீர்கள். சுட்டது தெரியாது. கொப்புளம் உடைந்து, செருப்பு ஈரமான பிறகுதான் பார்ப்பீர்கள். அந்தப் புண்ணோடு மாதக்கணக்கில் என்னிடம் கட்டு மாற்ற வந்தவர்கள் உண்டு. மரத்த கையைக் கொதிக்கிற தண்ணீரில் வைப்பதும் அப்படித்தான். அக்குளில் வைத்துக்கொண்டால் போதும். பிரஷருக்கு அட்டெனோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விரல் சீக்கிரம் சில்லிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

உதறிக்கொண்டிருந்தவர் உதறல் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் வருகிறது என்றால் அவரை ஓட்ட விடாதீர்கள். ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடாக ஒரு மைலோ கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

முழங்கைக்காரர் கட்டுப் பிரிக்க வந்தபோது வண்டியைக் காட்டக் கூப்பிட்டார். ஐந்து லிட்டர் எண்ணெய்த் தோங்கை வெட்டி, கைப்பிடிக்கு முன்னால் கேபிள் டையால் கட்டியிருந்தார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக்கைப் பிடித்துக் காட்டச் சொன்னேன். எங்கேயும் இடிக்கவில்லை. இடது பக்கத்திலும் ஒன்று இருந்தது.

"அந்தக் கை எப்பவும் பாக்கெட்ல தானே இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா வண்டி ஒத்தக் காது ஆடு மாதிரி இருக்கு டிரசர். ரெண்டும் வெச்சாச்சு, இனி அந்தக் கையும் வெளிய வந்துதானே ஆகணும்."