கழுத்தில் தடம் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்

"வெளிக்காயம் இல்லை. நோயாளி நலம்." கணவன் கழுத்தை நெரித்தான் என்று சொல்லி வந்த பெண்ணின் கையில் இப்படி ஒற்றை வரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புவது இன்னும் நின்றபாடில்லை. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு உதவி மையத்திலும் "அப்போ பயப்பட ஒண்ணுமில்ல" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், இம்முறை எழுத்தில்.

தடம் இல்லை என்பதால் நெரிக்கவில்லை என்றாகாது. உள்ளே சேதம் இல்லை என்றும் ஆகாது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 300 நெரிப்பு வழக்குகளை அலசி 2001இல் வெளியான ஆய்வில், பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. இன்னும் 35 சதவீதம் பேருக்குக் காயம் இருந்தும், புகைப்படம் எடுக்கிற அளவுக்கு இல்லை. அதாவது, தடம் பளிச்சென்று தெரிபவர்கள்தான் சிறுபான்மை. நாமோ அவர்களை மட்டும் நம்புகிறோம்.

தோல் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை? உள்ளங்கையும் முழங்கை மடிப்பும் சதைப்பற்றானவை. அழுத்தம் அகலமாகப் பரவிவிடும். கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. கன்றிப்போவதும் ஒன்றிரண்டு நாள் கழித்தே மேலே வரலாம். கழுத்திலுள்ள ரத்தக் குழாய்களையும் மூச்சுக்குழலையும் அடைக்கவோ பெரிய பலம் தேவையில்லை. தடயவியல் பாடநூல்களின் கணக்குப்படி கழுத்துச் சிரைக்கு (மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய்) சுமார் 2 கிலோ, தமனிக்கு (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) 5 கிலோ, மூச்சுக்குழலுக்கு 15 கிலோ அழுத்தம் போதும். இந்த வரிசையைக் கவனியுங்கள். மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஆகவே "மூச்சு விட முடிந்ததா?" "முடிந்தது." "அப்போ சரி" என்கிற உரையாடலுக்கு எந்த மதிப்பும் இல்லை. ரத்தம் நின்றால் 5 முதல் 10 விநாடிக்குள் நினைவு தப்பும்.

பார்க்க வேண்டிய இடங்களைப் பாருங்கள். கழுத்தின் முன்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். கீழிமையை மெல்ல இழுத்து உட்புறம், கண்ணின் வெள்ளை, காதுமடலுக்குப் பின்னால், முடியை விலக்கி உச்சந்தலை, மேலண்ணம், தாடைக்கு அடியில். நெரிப்பின் அடையாளமாகக் குண்டூசித் தலை அளவு சிவப்புப் பொட்டுகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கழுத்தில் நகக்கீறல் இருந்தால் அது அவள் நகமாகவே இருக்கக்கூடும். இறுக்கும் கையைப் பிய்த்தெடுக்கப் பார்த்தபோது பட்டது. அவன் முன்கையில் பல் பதிந்திருப்பதைக் காட்டி "இவளும் தாக்கியிருக்கிறாள்" என்று எழுதும் காவலர்கள், பின்னாலிருந்து முழங்கையால் இறுக்கப்படுகிறவளுக்குக் கடிக்க வேறு என்ன எட்டும் என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

அடுத்தது, கேட்கும் விதம். "மயங்கினீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். நினைவு தப்பியது நினைவில் இருக்காது. "பிடித்தபோது எங்கே நின்றீர்கள்? அடுத்து ஞாபகம் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். அடுப்படியில் நின்றவள் கூடத்துத் தரையில் கிடந்ததாகச் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது. நேரக்கணக்கு கேட்காதீர்கள், யாராலும் சொல்ல முடியாது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தம் தடைப்பட்ட மூளை அப்படித்தான் பேசும். ஒரு கையா இரண்டு கையா, துணியா, முன்னாலிருந்தா பின்னாலிருந்தா, எத்தனை முறை, அப்போது அவன் என்ன சொன்னான், கண் இருட்டியதா? அவள் சொற்களை அப்படியே மேற்கோளாக எழுதுங்கள். 'குடும்பத் தகராறு' என்று சுருக்க வேண்டாம். சிறுநீரோ மலமோ பிரிந்ததா என்பதைத் தனியே, "இது நிறையப் பேருக்கு நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் அல்ல.

நினைவு தப்பியது, குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, பார்வை மங்கல், சிறுநீர் பிரிந்தது, கழுத்துவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்துத் தமனிகளுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாயின் உள்ளே காட்டும் ஸ்கேன்) எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தமனிக் கிழிசல் தெரியாது. உட்சுவர் கிழிந்த தமனியில் ரத்தம் உறைந்து, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். இளம் பெண்ணுக்கு எங்கிருந்து பக்கவாதம் என்று பிறகு எல்லாரும் வியப்பார்கள். கர்ப்பிணி என்றால் அறிகுறியே இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் மரத்தல், ஒரு பக்க இமை தொங்குதல், பேச்சுக் குழறல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறப்பது: இவற்றுக்கு ஆம்புலன்ஸ், உடனே. முதல் 24 மணி நேரம் அவள் தனியே இருக்கக் கூடாது. தயவுசெய்து யாரும் கழுத்தைப் பிடித்துவிட வேண்டாம், திருப்பி நெட்டி முறிக்க வேண்டாம்.

தடம் இல்லாவிட்டாலும் படம் எடுங்கள். 24, 48, 72 மணி நேரத்தில் மறுபடியும் எடுங்கள். மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "வெளிக்காயம் இல்லை" என்று எழுதினால், "இதனால் உட்காயம் இல்லை என்றாகாது" என்றும் கூடவே எழுதுங்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு வரி பெரிய வேலை செய்யும்.

இனி மையத்தில் இருப்பவர்களுக்கு. இது 'இன்னொரு அடி' அல்ல. முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் துணைவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே அவள் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று முன்பு போட்ட பாதுகாப்புத் திட்டத்தை அப்படியே தொடராதீர்கள். அன்றைக்கே, அவளோடு உட்கார்ந்து புதிதாகப் போடுங்கள். கூட வந்தவர் எவ்வளவு கனிவாகத் தெரிந்தாலும் அவர் வெளியே இருக்கட்டும். அபாய அறிகுறிகள் அச்சிட்ட தாளை அவள் கைப்பையில் திணிக்குமுன் அவன் பையைத் துழாவுவானா என்று கேளுங்கள். படங்கள் அவள் போனில் வேண்டாம், மையத்துக் கோப்பில் இருக்கட்டும். மறுநாள் எந்த நேரத்தில், எந்த எண்ணில், யார் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்பதை அவள் எழுந்து போவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாராவது எடுத்தால், "தவறான எண்" என்று வைத்துவிட வேண்டும்.