வலி நின்னுடுச்சு டாக்டர், அதான் வரல

கிளினிக்ல நான் அடிக்கடி கேக்குற பதில் இதான். மூணு மாசம் முன்னாடி ராத்திரி தூங்கவிடாம பல்லு வலிச்சிருக்கும், மாத்திரை போட்டு சமாளிச்சிருப்பாங்க, நாலஞ்சு நாள்ல வலி தானா அடங்கிடும், அப்பாடா சரியாயிடுச்சுன்னு விட்டுருவாங்க. அப்புறம் ஒருநாள் கன்னம் வீங்கிப்போய் வந்து உட்காருவாங்க.

அந்த வலி ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சா யாரும் நிம்மதியா இருக்க மாட்டாங்க. பல்லுக்கு நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கு, சொத்தை அதுவரைக்கும் போனா உள்ள வீங்க ஆரம்பிக்கும், ஆனா சுத்தி கெட்டியான சுவரு, வீங்க இடமே இல்ல, அதனாலதான் அவ்ளோ கொடுமையா வலிக்குது. கொஞ்ச நாள்ல நரம்பு செத்துப்போகும், செத்த நரம்பு வலிக்காது. ஆனா கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள போயிட்டேதான் இருக்கும். ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுக்கிட்டாலும் இது தீராது, ஏன்னா செத்துப்போன இடத்துல ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படி உள்ள போய் சேரும்?

வலிச்சாதான் டாக்டர்னு ஒரு கணக்கு எல்லார் மனசுலயும் இருக்கு. முன்பல்லு ஓரம் லேசா உடைஞ்சா மறுநாளே வந்துருவாங்க, கடைவாய்ப்பல்லு பாதி உடைஞ்சு கிடந்தாலும் வலிக்கலைன்னா வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். ஈறுல ரத்தம் வந்தா பிரஷ்தான் காரணம்னு நெனச்சு அந்த இடத்துல தேய்க்கிறதையே நிறுத்திடுவாங்க, அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். சுகர் இருக்கிறவங்க இத விடவே கூடாது, ஈறு நோய் சுகரை ஏத்தும், சுகர் ஈறு நோயை ஏத்தும்.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கிறது வாய்ப்புண்ணு விஷயம்தான். வாய் புற்றுநோய் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், தேய்ச்சாலும் போகாத வெள்ளை இல்ல சிவப்பு படலம், இதெல்லாம் இருந்தா தயவுசெஞ்சு காட்டுங்க, புகையிலை, மது பழக்கம் இருந்தா கண்டிப்பா காட்டுங்க.

பணம் ஒரு பெரிய தடைதான், மறுக்கல, ஒருநாள் வேலைக்கு போகலைன்னா அன்னைக்கு சம்பளம் இல்லைன்னு இருக்கிறவங்ககிட்ட நாளைக்கே வாங்கன்னு ஈஸியா சொல்லிட முடியாது. ஆனா சின்ன ஃபில்லிங்ல முடியறத தள்ளிப்போட்டா வேர் வரைக்கும் சுத்தம் பண்ற ரூட் கேனால், பல்லு மேல மாட்டுற கேப்புன்னு செலவு பல மடங்கு ஆகிடும். வயசானவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வேற யாராவது கூட்டிட்டு வரணும், "இந்த வயசுல பல்லு எதுக்கு", "பால் பல்லுதானே விழுந்துடும்"னு வீட்ல இருக்கிறவங்க சொல்லிட்டா அவ்ளோதான், அவங்க வலியோடயே இருந்துடுவாங்க.

அப்புறம் பயம். பல் டாக்டர் பயத்தை அளக்க 1969லயே நார்மன் கோரான்னு ஒரு ஆராய்ச்சியாளர் நாலே நாலு கேள்வி எழுதி வச்சாரு, நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்னா உங்களுக்கு எப்படி இருக்கும்னுதான் முதல் கேள்வியே ஆரம்பிக்கும். பயந்து தள்ளிப்போட, சொத்தை பெருசாக, வைத்தியமும் பெருசாக, அடுத்த தடவை பயம் இன்னும் அதிகமாகும். அதுகூட வெக்கமும் சேர்ந்துக்கும். "ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க"ன்னு நானும் ஒருகாலத்துல கேட்டுட்டிருந்தேன், அப்படி கேட்ட சிலபேர் திரும்ப வரவே இல்ல, அதுக்கப்புறம் அந்த கேள்விய நிறுத்திட்டேன். உலக சுகாதார நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி உலகத்துல கிட்டத்தட்ட 350 கோடி பேருக்கு வாய் சம்பந்தமான நோய் இருக்கு, அதனால உங்க வாயைப் பாத்து நாங்க அதிர்ச்சியாக ஒண்ணுமில்ல.

வீக்கம் தாடைக்கு கீழ இறங்குது, காய்ச்சல் அடிக்குது, வாய் திறக்க முடியல, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருக்குன்னா மட்டும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. மத்தபடி பயமா இருக்குன்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போன்ல சொல்லிடுங்க, முதல் நாள் பாத்து எக்ஸ்ரே மட்டும் எடுத்தா போதும்னு கேளுங்க, வைத்தியம் நடக்கும்போது நீங்க கையைத் தூக்கினா உடனே நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.