தரைக்கடல் என்று ஒரு கடல் இல்லை

ஜெர்மனி போய் வந்த ஒருவரின் பயணக் கட்டுரையில் 'தரைக்கடல்' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். பிறகு ஓர் ஆவணப்படத்தின் தமிழ் விளக்கத்தில் அதே சொல் வந்தது. சென்ற மாதம் மூன்றாம் முறை. இந்தத் தடவை 'நிலக்கடல்' என்று மெருகேறியிருந்தது. இனியும் சும்மா இருந்தால் யாராவது அகராதியில் ஏற்றிவிடுவார்கள்.

இவர்கள் சொல்ல வந்தது போடன்ஸே. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் கரை உள்ள நன்னீர் ஏரி அது. ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் ரைன் ஆறு கிழக்கே பிரெகென்ஸ் பக்கமாக உள்ளே வந்து, மேற்கே ஷ்டைன் அம் ரைன் என்ற ஊரருகே வெளியேறுகிறது. பரப்பு சுமார் 536 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 251 மீட்டர். எவ்வளவு பெரிதானாலும் ஏரி ஏரிதான்.

சொல்லுக்கு வருவோம். ஜெர்மனில் 'ஸே' என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் 'டேர்' நின்றால் ஏரி, 'டீ' நின்றால் கடல். வடகடலுக்கு 'டீ', போடன்ஸேக்கு 'டேர்'. முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம் இது. 'போடன்' என்றால் அகராதியில் தரை, நிலம், அடி. இரண்டையும் ஒட்டவைத்தால் தரைக்கடல் தயார். ஆனால் ஏரிக்குப் பெயர் தந்தது தரை அல்ல, போட்மன் என்ற ஊர். ஏரியின் வடமேற்குக் கிளையின் கோடியில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. இடைக்காலத்தில் ஆண்ட கரோலிங்கிய அரச மரபினரின் அரண்மனை ஒன்று அங்கே இருந்ததால் அதன் பெயர் முழு ஏரிக்கும் பரவியது.

இந்தப் பிழைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஏரிக்குள் ரைஷெனாவ் என்ற தீவில் இருந்த கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்கு 9ஆம் நூற்றாண்டில் தலைவராக இருந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ. லத்தீனில் அந்த ஏரியைப் 'பொட்டாமிக்கஸ்' ஏரி என்று எழுதினார்கள். போட்மனின் லத்தீன் வடிவம்தான் அது. ஸ்ட்ராபோவுக்கோ கிரேக்கத்தில் ஆறு என்று பொருள்படும் 'பொட்டமோஸ்' நினைவுக்கு வந்துவிட்டது. ரைன் ஆறு ஓடுவதால் வந்த பெயர் என்று விளக்கிவிட்டார். ஏரிக்குள்ளேயே குடியிருந்த பெரும்புலவரும் ஒலியைக் கேட்டு ஏமாந்தார். ஆனாலும் அவருடைய பிழையில் கிரேக்கம் படித்த மணம் இருக்கிறது. நம்மவர் பிழையில் தேடுபெட்டியின் மணம்தான் இருக்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் மடக்கினார். போட்மன் என்ற ஊர்ப்பெயரே பழைய ஜெர்மனில் நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாயிற்றே, சுற்றி வளைத்தாலும் தரைதானே வருகிறது என்றார். வரட்டும். ஊர்ப்பெயராக நின்றுவிட்ட பிறகு அதைப் பிய்த்துப் பார்க்கும் உரிமை ஆராய்ச்சியாளருக்கு உண்டு; மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. பழவேற்காடு ஏரியை ஒரு ஜெர்மானியர் 'பழைய வேலமரக் காட்டுக் கடல்' என்று தன் மொழியில் எழுதினால் நாம் சிரிப்போமா மாட்டோமா? 'பெயரையும் தமிழாக்கினால்தான் தூய தமிழ்' என்ற நோய் இது. தூய்மை என்று நினைத்துக்கொண்டு, இல்லாத ஓர் இடத்தைத் தமிழில் உண்டாக்கிவிடுகிறார்கள். வாசகர் அதை எந்த வரைபடத்தில் தேடுவார்?

கடல் என்று அழைப்பதில் என்ன தவறு, பொலன்னறுவையில் வெட்டிய குளத்துக்கே பராக்கிரம சமுத்திரம் என்று பெயரிடவில்லையா என்றும் அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஜெர்மானியரும் இந்த ஏரியைச் செல்லமாக, தென்ஜெர்மனியின் சுவாபியா வட்டாரத்தின் பெயரால், 'சுவாபியக் கடல்' என்பதுண்டு. அதற்கு அவர்கள் வைத்திருப்பது 'மேர்' என்ற வேறு சொல். அந்தப் பட்டப்பெயர் வரும் இடத்தில் 'சுவாபியக் கடல்' என்று தாராளமாக எழுதலாம்.

அடுத்தது, இதே ஏரிக்கு வழங்கும் 'கான்ஸ்டன்ஸ் ஏரி' என்ற பெயர். தவறு என்று சொல்லமாட்டேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டான்டியஸ் பெயரால் அமைந்த கான்ஸ்டன்ஸ் நகரம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 1414 முதல் 1418 வரை அங்கே நடந்த திருச்சபைப் பேரவை ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. செக் நாட்டுச் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எரிக்கப்பட்டதும் அங்கேதான், 1415இல். பிரெஞ்சும் ஆங்கிலமும் அந்த நகரின் பெயரால் ஏரியை அழைக்கின்றன, நாம் ஆங்கிலத்தின் பின்னால் போனோம். ஆனால் அந்தக் கரையில் வாழும் மூன்று நாட்டு ஜெர்மன் மொழியாளர்களும் போடன்ஸே என்றுதான் சொல்கிறார்கள். 'கான்சுடன்சு' என்று எழுதுவோரைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்ப வேண்டும்.

'போடன்ஸே ஏரி' என்றும் எழுதுகிறார்கள். கேட்டுக் கதவு போல, ஏரி இரண்டு முறை.

என் தேர்வு 'போடன் ஏரி'. பெயர் அப்படியே நிற்கிறது, பொதுச்சொல் தமிழாகிறது. ஏரி என்பது கரை கட்டித் தேக்கியது, இயற்கை நீர்நிலைக்குப் பொய்கை என்றுதான் சொல்ல வேண்டும் என்பார் உண்டு. மனிதர் ஆக்காத நீர்நிலை என்று பொய்கைக்குப் பழைய விளக்கமும் இருக்கிறது. ஆனால் பொய்கை என்றதும் தாமரையும் படித்துறையும் கண்முன் வருகின்றன. 63 கிலோமீட்டர் நீளத்துக்குக் கப்பல் ஓடும் நீர் வருவதில்லை. பைக்கால் ஏரி என்று பழகிய காதுக்குப் போடன் ஏரியும் பழகிவிடும்.

உள்பகுதிகளின் பெயர்கள் மட்டும் வேறு வகை. 'ஓபர்ஸே' மேல் ஏரி, 'உண்டர்ஸே' கீழ் ஏரி. பொருள் வெளிப்படை, பெயர்த்துவிடலாம். ரைஷெனாவ் தீவுக்கு வடக்கே உள்ள பகுதி 'க்னாடன்ஸே', அருள் ஏரி. தீவில் தண்டனை பெற்றவனைக் கொல்வதற்காகப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோவார்களாம். கரை சேரும் முன் மடத்துத் தலைவர் மனமிரங்கி மணி அடித்தால் அவன் பிழைத்தான் என்று கதை சொல்கிறார்கள். நல்லவேளை, தரைக்கடல்காரர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் அதைக் 'கருணைக்கடல்' ஆக்கியிருப்பார், நாமும் எந்தக் கோயிலில் என்று தேடியிருப்போம்.