கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்: வெப்பத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

சிங்கப்பூரில் கரிம வரி, அதாவது ஆலைகள் வெளியேற்றும் கரியமில வாயு போன்றவற்றுக்கான வரி, 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது. 2024இல் 25 ஆகி, 2026இல் 45 வெள்ளியைத் தொட்டிருக்கிறது. வரி ஏற ஏற, “கரியமில வாயுவை எரிபொருளாக்குகிறோம், முதலீடு செய்யுங்கள்” என்னும் திட்டங்களும் பெருகுகின்றன. வினையூக்கி உலைகளோடு பிழைப்பு நடத்துபவன் என்பதால் தெரிந்தவர்கள் அவற்றை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். வேதியியலில் பொய்யில்லை. கணக்கில்தான் பாதியைக் காணோம்.

மீத்தேனையும் கரியமில வாயுவையும் சுமார் 800 டிகிரி செல்சியஸில் நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்தக் கலவையே தொகுப்பு வாயு. இதிலிருந்து மெத்தனால் செய்யலாம்; 1920களில் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்ட முறையில் டீசலும் செய்யலாம். சரவாக்கின் பிந்துலுவில் 1993இலேயே அத்தகைய ஆலை வந்துவிட்டதே என்பார்கள். அங்கே தொகுப்பு வாயுவின் மூலப்பொருள் இயற்கை எரிவாயுவும் ஆக்சிஜனும்தான்; கரியமில வாயு அல்ல.

கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பலைப் போன்றது. அதை மறுபடி எரியவைக்க வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) 247 கிலோஜூல் தேவை. ஒரு மோல் மீத்தேனை எரித்தால் வருவது ஏறத்தாழ 800. ஆகவே மீத்தேனை எரித்தே உலையைச் சூடாக்கினால், 100 மூலக்கூறு கரியமில வாயுவை மாற்றும்போது புகைபோக்கி வழியே குறைந்தது 31 புதிதாக வெளியேறும். வெப்ப இழப்பு, அமுக்கி, வாயுவைப் பிடித்துத் தூய்மையாக்கும் செலவு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. மின்சாரத்தால் சூடாக்கலாமே? நம் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இயற்கை எரிவாயுவை எரித்து வருவதுதான். போதாக்குறைக்கு, கிடைத்த எரிபொருளை எரித்ததும் கரியமில வாயு மீண்டும் காற்றுக்கே போய்விடும்.

அடுத்த தலைவலி கரி. வினையின்போது நிக்கல் துகளுக்கு அடியில் கரி இழையாக வளர்ந்து, துகளையே பெயர்த்துத் தூக்கிவிடும். வினையூக்கி உருண்டைகள் நொறுங்கி, குழாய் அடைத்து, உலையை நிறுத்த வேண்டியதாகும். ரோடியம் இதைத் தாக்குப்பிடிக்கும். அதன் விலையை நாம்தான் தாக்குப்பிடிக்க முடியாது. எனவே “90 விழுக்காடு மாற்றம்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். ஆய்வகச் சிலிண்டர் வாயுவிலா, ஆலை வாயுவிலா என்றும் கேளுங்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது சாண எரிவாயு வகைதான். துவாஸில் உணவுக் கழிவையும் கழிவுநீர்ச் சேற்றையும் சேர்த்து நொதிக்கவைக்கும் திட்டம் இருக்கிறது. அத்தகைய வாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் ஏற்கெனவே கலந்தே வருகின்றன. அந்தக் கரிமம் நிலத்தடியிலிருந்து தோண்டியதும் அல்ல. ஆனால் அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவு தப்பினாலும் நிக்கல் செயலிழந்துவிடும். மெத்தனாலுக்கு வாங்குவோரும் உண்டு: 2023 ஜூலையில் நம் துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகக் கப்பல் மெத்தனால் நிரப்பிக்கொண்டது. மெத்தனால் செய்ய ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு இரு பங்கு ஹைட்ரஜன் வேண்டும்; இந்த வினை தருவதோ ஒன்றுக்கு ஒன்று. மீதி ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்பதைத் திட்ட அறிக்கையின் பின்பக்கங்களில் தேடுங்கள்.