ரயோன்: மாவட்டமா, வட்டமா?

ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு வரும் எழுத்துகளில் ‘ரயோன்’ என்ற நிர்வாகப் பிரிவின் பெயரைக் கண்டதும் ‘மாவட்டம்’ என்று எழுதிவிடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மாவட்டம் என்றதும் நம் மனத்தில் ஆட்சியர் அலுவலகமும் லட்சக்கணக்கான மக்களும் வந்து நிற்கிறார்கள். ரஷ்யாவின் உட்பகுதியான ததார்ஸ்தான் குடியரசின் பரப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ பாதி, மக்கள்தொகை சுமார் 40 லட்சம். அதற்குள் 43 ரயோன்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு மாவட்டங்களோ 38. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அளவு முற்றிலும் பிசகிவிடுகிறது.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘ராடியுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் ஒளிக்கதிர் என்றும் பொருள். அதன் வழியில் வந்தது பிரெஞ்சு மொழியின் ‘ரேயோன்’. கதிர், வட்டத்தின் ஆரம் இரண்டையும் அது குறிக்கும். நாம் உடுத்தும் ரேயான் துணியின் பெயரும் இந்தச் சொல்தான். ஒரு புள்ளியிலிருந்து இவ்வளவு ஆரத்துக்குள் அடங்கும் நிலம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. ஜெர்மானியர்கள் கோட்டையைச் சுற்றிக் கட்டடம் கட்டத் தடை விதித்த நிலப்பகுதியை இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். ஐரோப்பாவில் இப்படி வழங்கிய சொல்லை ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1920களில் சோவியத் அரசு ஜார் காலத்து நிர்வாகப் பிரிவுகளைக் கலைத்துப் புதிதாக வரைந்தபோது, அது ஆட்சிச் சொல்லாக நிலைபெற்றது.

ததார்ஸ்தானின் தலைநகரான கசானுக்கு வடகிழக்கே 65 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அர்ஸ்க் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ததார் மொழியில் அதன் பெயர் ‘அர்ச்சா’. அதன் பெயரிலான ரயோனில் இந்த ஒரு சிறு நகரம், மற்றதெல்லாம் கிராமங்கள். சுமார் 1,840 சதுர கிலோமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ததார்கள். ததார்கள் தங்கள் அண்டை இனத்தாரான உத்முர்த்துகளை ‘ஆர்’ என்று அழைப்பார்கள். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ததார்கள் நிறைந்த வட்டாரம் இன்னொரு மக்களின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இந்த நிலத்துக்கு ‘ரயோன்’ மிகப் பிந்திய பட்டம். ரஷ்யர்களுக்கு முன் இங்கே ஆண்ட கசான் கானரசு தன் நிலத்தை ‘தருகா’ என்ற பிரிவுகளாகப் பிரித்திருந்தது. அவற்றுள் அர்ஸ்க் தருகாவும் ஒன்று. மங்கோலிய மொழியில் ‘தரு’ என்றால் அழுத்துதல். முத்திரையை அழுத்திப் பதிக்கும் அதிகாரி ‘தருகாச்சி’. அவர் ஆளும் பகுதி தருகா. 1552இல் ரஷ்ய மன்னர் இவானின் படை கசானை வீழ்த்திய பிறகும் பழைய பிரிவு உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் ரஷ்ய எழுத்தர்கள் தருகாவைத் தங்களுக்குப் பழகிய ‘தரோகா’ என்ற சொல்லாகவே எழுதினார்கள். அந்தச் சொல்லுக்குப் பாதை என்று பொருள். ஆட்சிப் பிரிவு ஏடுகளில் சாலையாகிப்போனது.

இதே மங்கோலியச் சொல் பாரசீகம் வழியாக முகலாயர் ஆட்சிக்குள்ளும் நுழைந்தது. இந்தியில் காவல் நிலைய அதிகாரியை இன்றும் ‘தரோகா’ என்றே அழைக்கிறார்கள். கசானுக்கு அப்பால் இருக்கும் காட்டுக் கிராமங்களும் பீகாரின் காவல் நிலையமும் ஒரே முத்திரையின் அழுத்தத்தைத் தாங்கியிருப்பது எனக்கு ஓயாத வியப்பு.

ஜார் ஆட்சியில் தருகா போய் ‘உயேஸ்த்’ என்ற பிரிவு வந்தது. 1920இல் ததார் தன்னாட்சிக் குடியரசு அமைந்ததும் அதுவும் போய் அர்ஸ்க் ‘கந்தோன்’ ஆனது. 1930இல் கந்தோன்களையும் கலைத்தார்கள்; அர்ஸ்க் ரயோன் பிறந்தது. பத்தே ஆண்டுகளில் ஒரே வயலுக்கு மூன்று முகவரிகள்! 1990இல் அதன் ஒரு பகுதி பிரிந்து ஆத்னியா ரயோன் ஆனது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வட்டம்’ என்பதே பொருத்தம் என்பேன். நம் வருவாய் வட்டமும் ஒரு சிறு நகரைத் தலைமையாகக் கொண்டு சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்த்துக்கொண்ட அமைப்புதான். மூலப்பொருளும் இயைந்துவருகிறது: ஆரத்தைச் சுழற்றினால் கிடைப்பது வட்டம்தானே! ‘ஜில்லா’ என்பதற்கு அரபு மூலத்தில் விலா எலும்பு, பக்கம் என்று பொருள். ‘தாலுகா’வுக்கு அரபு மூலத்தில் இணைப்பு, சார்பு என்று பொருள். அவற்றுக்கு மாவட்டம், வட்டம் என்று தமிழ் கண்டபோது நாம் மூலத்தைப் பெயர்க்கவில்லை, புதிதாகப் படைத்தோம். ரயோனுக்கோ மூலத்தைப் பெயர்த்தாலும் அதே சொல் வந்து நிற்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. ரஷ்யத்தின் இன்னொரு பிரிவான ‘ஒக்ருக்’ என்பதிலும் வட்டம் என்று பொருள்படும் வேர் இருக்கிறது. அதை ‘மண்டலம்’ என்றால் தீர்ந்தது. மண்டலமும் வட்டம்தான், அளவிலும் பெரியது. கசான் போன்ற பெருநகரங்களுக்குள்ளும் ரயோன்கள் உண்டு. அவற்றை நகரப் பகுதி என்றாலே போதும்.

இத்தனை பெயர்களில் ஒன்றுகூட அந்த மண்ணில் முளைத்ததில்லை. அங்குள்ளவர்கள் தங்கள் சீமையைக் ‘கசான் அர்த்தி’ என்பார்கள், கசானுக்குப் பின்புறம் என்று பொருள். 1886இல் இந்த வட்டத்தின் கூஷ்லாவிச் கிராமத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, அருகிலுள்ள கிர்லாய் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் வளர்ந்த ததார் கவிஞர் கப்துல்லா துக்காய், 1907இல் ‘ஷூராலே’ கதைப்பாடலை அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறார். கசானுக்கு நேர் பின்னே ஓர் ஊர் இருக்கிறது, அதன் பெயர் கிர்லாய் என்கிறார். அடுத்து, மெட்டுக்காக அங்கே கோழிகள் பாடும் என்பார்கள் என்று சேர்க்கிறார். ததாரில் ‘ஜிர்லாய்’ என்றால் பாடுகிறது. கிர்லாய்க்கு எதுகையாக வந்து விழுந்த சொல் அது.