உங்கள் பி.எஃப். கணக்கில் இன்னொருவரின் சர்வீஸ் ஏறியிருக்கிறதா? ஒரே பெயர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

தன் கணக்கில் தான் வேலையே பார்க்காத ஒரு கம்பெனி இருப்பது பெரும்பாலானவர்களுக்கு பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது. இல்லையென்றால், வருஷக்கணக்கில் உழைத்த கம்பெனி கணக்கில் காணாமலே போயிருக்கும். கல்யாணம், ஆஸ்பத்திரி, வீட்டுக் கடன் என்று ஏதோ ஒரு அவசரத்துக்கு நம்பியிருந்த பணம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தப்பு செய்தவர் யாரோ, அலைகிறவர் தொழிலாளி.

பின்னணி கொஞ்சம் போதும். 2014 அக்டோபரில் யுஏஎன் என்கிற 12 இலக்க எண் வந்தது. ஆளுக்கு ஒரு யுஏஎன். அவர் வேலை பார்க்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் கீழே ஒரு மெம்பர் ஐடி. ஆதார் இணைப்பு கட்டாயமாவதற்கு முன்னால் இந்த ஐடிகளைப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை வைத்துத்தான் சேர்த்தார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றை எழுத்து இனிஷியல்தான். ஒரே மில்லில் இரண்டு எஸ். முருகன், மூன்று எம். செல்வி இருப்பது சாதாரணம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆபீஸில் ஜனவரி 1 என்றோ ஜூன் 1 என்றோ போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு செல்வியின் சர்வீஸ் இன்னொரு செல்வியின் எண்ணுக்குப் போவதற்கு கிளார்க்கின் ஒரு நிமிஷ அசட்டை போதும்.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். பி.எஃப். அமைப்பின் இணையதளமான மெம்பர் போர்ட்டலில் யுஏஎன் போட்டு நுழைந்து, 'வியூ' மெனுவில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் கம்பெனிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றையும் படியுங்கள். பாஸ்புக்கில் மீதித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

இதில் பெரிய பொறி பென்ஷன் பங்கு. கம்பெனி உங்களுக்காகக் கட்டுகிற தொகையிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மொத்த சர்வீஸ் 10 வருஷத்துக்குக் குறைவென்றால் படிவம் 10சி கொடுத்து அந்தப் பங்கை எடுக்கலாம். 10 வருஷம் ஆகிவிட்டால் எடுக்க முடியாது, மாதப் பென்ஷன்தான். முழுப் பென்ஷன் 58 வயதில். குறைத்து வாங்கச் சம்மதித்தால் 50 வயதிலிருந்து.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒரு அக்காவுக்கு நடந்தது இது. அவர் உழைத்தது 7 வருஷம். திரையில் அதற்குக் கீழே இன்னொரு வரி: சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் 4 வருஷம். அவர் சென்னையில் வேலை பார்த்ததே இல்லை. 10சி போட்டார். 10 வருஷம் தாண்டிவிட்டது, பென்ஷனுக்குத்தான் தகுதி என்று ரிஜெக்ட் ஆனது. சரி, அப்படியானால் பென்ஷனுக்கு அந்த 4 வருஷத்தையும் சேர்ப்பீர்களா என்று நேரில் கேட்டார். அந்தக் கணக்கில் அப்பா பெயர் வேறாக இருக்கிறது, அது உங்கள் சர்வீஸ் இல்லை என்றார்கள். பணத்தை மறுக்க அந்த 4 வருஷம் அவருடையது, பென்ஷன் என்று வந்தால் அவருடையது இல்லை. இரண்டையும் சொன்னது ஒரே கவுன்ட்டர்.

தலைகீழாகவும் நடக்கிறது. உங்கள் சர்வீஸ் வேறொருவர் எண்ணில் இருந்தால், 10 வருஷம் முடித்த உங்களை 6 வருஷக்காரராகக் காட்டும். பென்ஷன் தகுதியே போய்விடும். பி.எஃப். பணத்திலும் இடிக்கும்: தொடர்ந்து 5 வருஷ சர்வீஸ் இல்லாமல் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. சரியாக 5 வருஷம் முடித்தவரும் ஆவணத்தில் வருஷம் குறைந்தால் அதைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த நிலையில் செய்யக்கூடாதவை சில. அந்த அந்நிய ஐடியிலிருந்து உங்கள் இப்போதைய கணக்குக்கு டிரான்ஸ்பர் போடாதீர்கள். இரண்டு பேர் பணமும் கலந்துவிட்டால் பிரிப்பது படாதபாடு. அதில் இருக்கும் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அது இன்னொரு தொழிலாளியின் பணம், வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள், பழியும் உங்கள் மேல் விழும். புது கம்பெனியில் 'எனக்கு பி.எஃப். இல்லை' என்று சொல்லி இரண்டாவது யுஏஎன் வாங்காதீர்கள். பிரவுசிங் சென்டரில் 'பெயரை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திடலாம்ணா' என்று சொல்பவரிடம் ஓடிபி கொடுக்காதீர்கள். பெயரும் பிறந்த தேதியும் மொத்தமாக மாறினால் அலுவலகம் அதை ஆள்மாறாட்டமாகத்தான் பார்க்கும்.

தவறாக ஒட்டிய மெம்பர் ஐடியை நாமே கழற்ற 2025 ஜனவரியில் ஒரு வசதி வந்தது. சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்த ஐடிக்கு எதிரே 'டீ-லிங்க்' இருக்கும். காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஆதார் ஓடிபி கொடுக்க வேண்டும். அழுத்துவதற்கு முன்னால் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். மெம்பர் ஐடி 22 எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். சொந்த ஐடியைக் கழற்றிவிட்டு அழுதவர்களும் உண்டு. அந்த ஐடியில் கம்பெனி மாதாமாதம் பணம் கட்டியிருந்தால் விவகாரம் பட்டனோடு முடியாது, அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

அலைச்சல் அங்கே தொடங்குகிறது. பி.எஃப். அலுவலகம் கம்பெனியில் எழுதி வாங்கி வரச் சொல்லும். கம்பெனி ஹெச்.ஆர். 'அது ஆபீஸ்ல பண்ண வேண்டியது' என்பார். காண்ட்ராக்டர் போனையே எடுக்க மாட்டார். யாரிடமும் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், கடிதம் பெற்றுக்கொண்டதற்கான இன்வார்டு சீலை நகலில் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் 'பெயர்த் திருத்தம்' என்று தலைப்புப் போட்டால் இனிஷியல் மாற்றும் விண்ணப்பங்களோடு சேர்த்துவிடுவார்கள். 'என் யுஏஎன்-இல் வேறு நபரின் மெம்பர் ஐடி தவறாக இணைக்கப்பட்டுள்ளது, பிரித்துத் தரவும்' என்று எழுதுங்கள். அந்த ஐடி எண், அதில் உள்ள சேர்ந்த தேதி, அதே காலத்தில் நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கான ஆதாரம் ஆகியவை கூட வேண்டும். நியமனக் கடிதம் இருந்தால் நல்லது, பலருக்கு இருக்காது. பி.எஃப். எண் அச்சிட்ட சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட், ஈஎஸ்ஐ அட்டை இருந்தாலும் போதும். ஈஎஸ்ஐ அட்டையைக் குறைவாக நினைக்காதீர்கள். அது வேறொரு அமைப்பு கொடுத்தது. குடும்பத்தார் பெயரும் கம்பெனி விவரமும் அந்தப் பதிவில் இருப்பதால், செல்வி எந்தச் செல்வி என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி எளிதில் கிடைக்காது.

சேர்ந்த தேதி, விலகிய தேதி, அப்பா பெயர் போன்றவை தப்பாக இருந்தால் அதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற, தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த விண்ணப்பம் தனி. திருத்தத்தைப் பொறுத்து ஆவணங்கள் கேட்பார்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வந்த, ஆதார் சரிபார்த்த யுஏஎன் என்றால் பெரும்பாலான திருத்தங்களை ஆன்லைனில் நாமே முடிக்கலாம். பழைய எண்ணுக்குக் கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனி மூடிவிட்டால் கெசட்டட் அதிகாரி, வங்கி மேலாளர் போன்றவர்கள் கையெழுத்திட்டாலும் ஏற்க வேண்டும். 'பழைய முதலாளியைத் தேடிப் பிடித்து வா' என்று சொன்னால் அந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு கம்பெனி தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதையே காரணமாகச் சொல்லி டிரான்ஸ்பர் கிளெய்மை ரிஜெக்ட் செய்யக்கூடாது என்று 2025 மே மாதம் பி.எஃப். தலைமை அலுவலகமே சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் இரண்டு சொந்த கம்பெனிகளின் தேதி சில நாள் ஏறி நிற்பதால் ரிஜெக்ட் வந்தால் அதைக் குறிப்பிட்டு மறுபடி கேளுங்கள். குறைகளையெல்லாம் முதல் தடவையே சொல்ல வேண்டும் என்பதும் அவர்களுக்கு வந்த உத்தரவுதான். ஆனாலும் ஒவ்வொரு ரிஜெக்டிலும் ஒரு புதுக் காரணம் முளைக்கிறது. முழுமையான கிளெய்முக்கு 20 நாள் கெடு. இப்படித் திருப்பி அனுப்பினால் அந்த 20 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால் ஒவ்வொரு ரிஜெக்ட் செய்தியையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

சீல் வாங்கியும் அசையவில்லையென்றால் பி.எஃப். அமைப்பின் ஆன்லைன் குறைதீர்ப்புத் தளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ்-இல் புகார் போடுங்கள். 'அலுவலகத்தை அணுகவும்' என்று எழுதிப் புகாரை மூடினால், இன்வார்டு நகலை இணைத்து மறுபடி போடுங்கள். மாதத்தின் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்கிற பி.எஃப். குறைகேட்பு முகாம் நடக்கும். அங்கே அதிகாரி நேரில் இருப்பார், கோப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் அந்த இன்னொருவரின் விவரத்தைக் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். உங்கள் யுஏஎன்-இல் இந்த மெம்பர் ஐடியை எந்த ஆவணத்தின் பேரில், எந்தத் தேதியில், யாருடைய ஒப்புதலில் இணைத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பிரிப்புக் கடிதம் இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்பதையும் அதே மனுவில் சேருங்கள்.

இதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு ஹெச்.ஆரிடமிருந்து ஒரு கையெழுத்து வாங்குவது மிகவும் கடினம்.